மூலையில் ஏறிய கருஞ்சதுரம்

1915-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். உருசிய நாடு பெரும்போரின் இரண்டாவது பனிக்காலத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. போர்முனையிலே உழவன் மகன் மடிந்தான். நகரிலே தொழிலாளியின் மனைவி ரொட்டிக்காகக் காத்து நின்றாள். அரண்மனையிலே ரஸ்புதீன் என்னும் சாமியார் அரசியாருக்கு அறிவுரை கூறிக்கொண்டிருந்தான். அந்த நாளிலே, தலைநகரான பெத்ரோகிராடில், ஓர் ஓவியக் காட்சி திறக்கப்பட்டது. 'கடைசி எதிர்காலவாதக் காட்சி, 0.10' என்பது அதன் பெயர். பெயரே புதிராக இருக்கிறதல்லவா? உள்ளே இருந்தது பெயரைவிடப் பெரிய புதிர்.

அங்கே ஒருவர் தம்முடைய 39 ஓவியங்களை மாட்டியிருந்தார். மனித முகம் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. கட்டங்கள், பட்டைகள், வட்டங்கள், சிலுவைக்கோடுகள்! வந்தவர்கள் விழித்தார்கள், சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர் வாயையும் மூடவைத்த படம் ஒன்று, இரண்டு சுவர்களும் கூரையும் கூடும் மூலையிலே, எல்லாப் படங்களுக்கும் மேலே, சற்றே முன்சாய்ந்து தொங்கியது. வெள்ளைத் தளத்தின்மேல் ஒரு கருஞ்சதுரம். நீளமும் அகலமும் 79.5 செண்டிமீட்டர். வேறொன்றும் இல்லை.

கறுப்புக் கட்டத்தைக் கண்டா ஒரு நகரம் கலங்கியது? கட்டத்தைக் கண்டல்ல, மூலையைக் கண்டு!

உருசியக் குடியானவன் வீட்டுக்குள் நுழைந்திருந்தால் இது விளங்கும். அடுப்புக்கு எதிர்மூலையிலே, கூரையை ஒட்டி, கன்னி மரியாளும் புனிதர்களும் எழுதப்பட்ட திருவுருவப் பலகைகள் இருக்கும். முன்னே ஒரு சிறு விளக்கு எரியும். விருந்தினன் உள்ளே வந்ததும் வீட்டுக்காரனுக்கு வணக்கம் சொல்லமாட்டான்; முதலில் மூலைக்குத் திரும்பிச் சிலுவைக்குறி இட்டுத் தலைதாழ்த்துவான், பிறகுதான் மனிதனைப் பார்ப்பான். பெண் பார்ப்பதும் பிணம் கிடத்துவதும் அந்த மூலையின் அடியிலேதான். 'கிராஸ்னி' மூலை என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லுக்கு இன்று சிவப்பு என்பது பொருள். பழைய உருசிய வழக்கில் அழகு, சிறப்பு என்பதும் பொருள். மாஸ்கோவின் செஞ்சதுக்கம் புரட்சிக்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பெயர் பெற்றதும் இப்படித்தான்.

தமிழனுக்கு இதில் வியப்பு இருக்கலாகாது. செம்மை என்றால் நமக்கும் நிறம். செம்மை என்றால் நமக்கும் நேர்மை, சிறப்பு. செந்தமிழ் என்கிறோம், செங்கோல் என்கிறோம். மொழிக்கோ கோலுக்கோ சிவப்புச் சாயம் ஏற்றியா அப்படிச் சொல்கிறோம்? ஒரு நிறத்தின் பெயரே நலத்தின் பெயராக ஆவது எங்கோ ஓர் உருசியச் சிற்றூரிலும் நடந்தது, காவிரிக்கரையிலும் நடந்தது. நிறங்களுக்குப் பொருளை ஏற்றுவது மனிதன்தான். அதை இறக்கி வைப்பவனும் மனிதனாகத்தானே இருக்கவேண்டும்?

அப்படிப்பட்ட மூலையிலே, தெய்வம் ஏறியிருந்த இடத்திலே, ஓர் ஓவியன் கருங்கட்டத்தை ஏற்றினான். கலைத்திறனாய்வாளர் அலெக்சாந்தர் பெனுவா உடனே பேனாவை எடுத்தார். கன்னித்தாயின் இடத்தில் வைப்பதற்காக இவர்கள் கொண்டுவந்திருக்கும் புதுத் திருவுருவம் இது என்று ஏட்டிலே எழுதினார். வெறுமையை வழிபடச் சொல்கிறார்கள் என்று பதைத்தார். பழைமைவாதியின் பதைப்பு சில வேளைகளில் பொருளைச் சரியாகவே கண்டுவிடுகிறது. ஓவியர் அதை மறுத்தாரா? இல்லை. 1916-இல் பெனுவாவுக்கு எழுதிய மடலிலே, ஆம், என் காலத்தின் திருவுருவம் இதுதான், சட்டமும் அணியும் இல்லாத வெற்றுத் திருவுருவம் என்ற கருத்திலே மறுமொழி தந்தார்.

யார் இந்த மனிதர்? காசிமிர் மாலெவிச். 1879-இல் கீவ் நகரில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை சர்க்கரை ஆலைகளில் வேலை பார்த்தார். ஆலை இருக்கும் ஊரெல்லாம் குடும்பமும் போயிற்று. பீட்டுக்கிழங்கு வயல்களின் நடுவே வளர்ந்த சிறுவன், உக்ரேனியக் குடியானவப் பெண்கள் களிமண்ணும் சாயமும் குழைத்து வீட்டுச்சுவரிலும் அடுப்பிலும் கோலமெழுதுவதைப் பார்த்துக் கைபழகினான். பின்னர் கூர்ஸ்க் நகரத்து இருப்புப்பாதை அலுவலகத்தில் வரைபடம் போடும் எழுத்தர். சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை அல்லர். அரண்மனைக் கல்விக்கூடம் அவரை வளர்க்கவில்லை.

1913 டிசம்பரில் 'கதிரவன்மீது வெற்றி' என்ற இசைநாடகம் பீட்டர்ஸ்பர்க் மேடையில் நடந்தது. குருச்சோனிக் எழுதினார், மத்யூஷின் இசையமைத்தார், மாலெவிச் திரையும் உடையும் வரைந்தார். கதை என்ன? காலமெல்லாம் மனிதன் கும்பிட்ட கதிரவனைப் பிடித்துக் கட்டிப் புதைத்துவிடுகிறார்கள்! அந்த நாடகத்தின் திரையோவியம் ஒன்றில் ஒரு சதுரம், குறுக்கே வெட்டப்பட்டு, பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக இருந்தது. வித்து அங்கே விழுந்தது என்பது மாலெவிச்சின் கணக்கு. அதனால்தான் 1915-இல் எழுதிய கருஞ்சதுரத்தின் பின்புறத்தில் 1913 என்று ஆண்டு குறித்துக்கொண்டார்.

இதை மூடி மறைப்பது வரலாறாகாது. பொய்யான ஆண்டு அது. காட்சிக்கூடத்திலேயே தத்லின் என்ற இன்னொரு புதுமைக் கலைஞரோடு அவருக்கு முந்தியவர் யார் என்ற போட்டி. பேச்சு முற்றிக் கைகலப்பாயிற்று என்றே சொல்வார்கள். பிற்காலத்திலும் பல ஓவியங்களுக்கு முன்தேதி இட்டார் இவர். மரபை உடைக்க வந்தவனும், தானே முதல்வன் என்ற பட்டத்துக்கு ஆசைப்படுகிறான்! புராணிகன் தன் ஊர்க் கோயிலுக்கு யுகக்கணக்குச் சொல்வதற்கும் இதற்கும் அளவிலேதான் வேறுபாடு.

சதுரத்தை ஏன் எடுத்தார்? காட்டில் சதுரம் உண்டா, கடலில் உண்டா, வானில் உண்டா? நிலா வட்டம், மலை முக்கோணம், ஆறு வளைகோடு. சதுரம் மட்டும், உப்புப்பரலை விட்டுவிட்டால், பெரும்பாலும் மனிதன் அறிவினால் வகுத்த வடிவம். வயலை அளந்தவன், செங்கலை அறுத்தவன், சாளரம் வைத்தவன் கண்டது அது. இயற்கையைப் பார்த்து எழுதுவதே கலை என்ற கோட்பாட்டுக்கு நேர் எதிரான வடிவம் வேண்டியிருந்தது அவருக்கு. சதுரத்தைச் சுழற்றினால் வட்டம், பிரித்து அடுக்கினால் சிலுவைக்கோடு என்று அதையே மற்ற வடிவங்களுக்கெல்லாம் தாயாக்கினார். தம் கொள்கைக்குச் 'சுப்ரமாதிசம்', அதாவது மேலாண்மைக் கொள்கை, என்று பெயரிட்டார். ஆனால், அளவுகோலை எடுத்துக்கொண்டு அருகே போனால் அந்தச் சதுரத்தின் பக்கங்கள் முற்றும் நேரில்லை. 1915-ஆம் ஆண்டுப் பட்டியலில் அவரே அதை 'நாற்கோணம்' என்றுதான் குறித்தார். கைத்தொழிலாளி இழுத்த கோடு அது, அச்சுப்பொறி இழுத்ததல்ல.

அதே காட்சியில் ஒரு சிவப்புச் சதுரமும் இருந்தது. அதற்கு அவர் கொடுத்த தலைப்பில் ஒரு குடியானவப் பெண் வருகிறாள். சிவப்புக் கட்டத்தில் பெண்ணைக் காணோமே என்று கேட்டவர்கள், வயலில் சிவப்பு ஆடையோடு நிற்கும் அவளைத் தொலைவிலிருந்து பார்த்ததில்லை போலும். 1918-இல் வெள்ளையின்மேல் வெள்ளைச் சதுரம் எழுதினார். 1920-இல் வெளியிட்ட சிறு நூலிலே மூன்றுக்கும் பொருள் வகுத்தார்: கறுப்பு, சிக்கனத்தின் குறி, சிவப்பு, புரட்சியின் அறிகுறி, வெளுப்பு, தூய செயல். இடையிலே புரட்சி வந்து போயிருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1915-இல் குடியானவப் பெண்ணாக இருந்த சிவப்பு, ஐந்தாண்டில் புரட்சியாகிவிட்டது! வடிவம் மாறவில்லை, நிறம் மாறவில்லை, உரை மாறிற்று.

ஓவியன் தனக்கென ஓர் அடையாளக்குறி வைத்துக்கொள்வது புதிதன்று. செருமானிய ஓவியர் துயூரர், ஏ என்ற எழுத்தின் காலிடையே டி என்ற எழுத்தை நிறுத்தித் தம் அச்சோவியங்களில் பொறித்தார். அதைத் திருடி விற்றவன்மீது வெனிசு நகரத்தில் முறையிட்டார் என்றும், படத்தைப் படியெடுக்கலாம், குறியைப் போடலாகாது என்று தீர்ப்பாயிற்று என்றும் வசாரி எழுதிவைத்தார். அது ஒருவனுடைய உடைமைக்குறி. மாலெவிச்சின் குறி, வீதெப்ஸ்க் நகரத்திலே வேறொரு வாழ்வு பெற்றது.

1919-இன் கடைசியில் லிசிட்ஸ்கி அழைத்துவர, மாலெவிச் வீதெப்ஸ்க் மக்கள் கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். பள்ளியைத் தோற்றுவித்தவர் அவ்வூர் மைந்தரான மார்க் ஷகால். சில திங்களுக்குள் மாணவர் கூட்டம் புதிய ஆசிரியர் பக்கம் சாய்ந்தது. 1920-இல் 'உனோவிஸ்' என்ற குழு பிறந்தது. புதுக்கலையை நிலைநாட்டுவோர் என்பது அதன் விரிவு. குழுவினர் சட்டைக்கையிலே ஒரு சிறு கருஞ்சதுரத்தைத் தைத்துக்கொண்டார்கள். ஓவியத்திலே தனிப்பெயர் எழுதுவதை விட்டு, குழுவின் குறியாகக் கருஞ்சதுரத்தை இட்டார்கள். 'நான்' என்பது போய் 'நாம்' என்பது வந்தது.

எழில் மிகுந்த காலம் அது. உள்நாட்டுப் போர் நடக்கிறது, ரொட்டி இல்லை, விறகு இல்லை; இளைஞர்களோ சாயவாளியோடு தெருவுக்கு வந்தார்கள். செங்கற்சுவர்மேல் வெள்ளை அடித்து, அதன்மேல் பச்சை வட்டமும் செம்மஞ்சள் சதுரமும் நீல நெடுங்கட்டமும் எழுதினார்கள். அவ்வழியே சென்ற ஐசன்ஸ்டைன், பின்னாளில் திரைப்படக் கலையின் பேராசான், அந்த விந்தை நகரத்தை மறவாமல் எழுதிவைத்தார். வெள்ளைப்படையின் வட்டத்தைப் பிளக்கும் சிவப்பு ஆப்பை லிசிட்ஸ்கி சுவரொட்டியாக்கினார். எழுத்தறியாத வீரனுக்கும் அது விளங்கியிருக்கும். சிறுவர்க்கென்று இரண்டு சதுரங்களின் கதையை ஆக்கி 1922-இல் பெர்லினில் அச்சிட்டார்: சிவப்பும் கறுப்பும் தொலைவிலிருந்து பறந்து வருகின்றன, கலைந்துபோன கருமையின்மேல் சிவப்பு தன் ஒழுங்கைக் கட்டுகிறது.

ஆனால் தோழர்களே, சட்டைக்கையில் சதுரம் தைத்தவர்களைப் பார்த்துவிட்டுப் பள்ளியின் இன்னோர் அறையையும் பார்க்கவேண்டும். அங்கே ஷகால், மாணவரற்ற ஆசிரியராக, மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பறக்கும் காதலரையும் பச்சை முகத்துக் கிழவரையும் எழுதிய அந்தக் கலைஞருக்குத் தாம் தோற்றுவித்த பள்ளியிலேயே இடமில்லை. 1920-இல் ஊரைவிட்டுப் போனார். புதுமையின் பெயராலும் ஒருவனை வெளியே தள்ளலாம் என்பதை வீதெப்ஸ்க் காட்டிற்று. மாலெவிச்சுக்கு அப்போது பிறந்த மகளுக்கு வைத்த பெயர் ஊனா. குழுவின் பெயரிலிருந்து எடுத்தது. நம் ஊர்ப் பக்தன் பிள்ளைக்குச் சாமி பெயர் வைப்பதை நாம் கேலி செய்கிறோம்!

ஆக, மாலெவிச் தெய்வத்தை மூலையிலிருந்து இறக்கினாரா, மூலையைக் காப்பாற்றிக் கொடுத்தாரா?

இந்தக் கேள்விக்கு அவரே விடை எழுதிவிட்டார். 1922-இல் வீதெப்ஸ்கில் அச்சான அவருடைய நூலின் பெயர், 'கடவுள் கவிழ்க்கப்படவில்லை: கலை, கோயில், தொழிற்சாலை'. கோயிலும் தொழிற்சாலையும் மனிதனை நிறைநிலைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லும் இரண்டு பாதைகள், இரண்டுக்கும் உள்ளே ஓடும் ஆசை ஒன்றே என்பது அதன் போக்கு. பகுத்தறிவாளர் பலர், கருஞ்சதுரத்தை நாத்திகத்தின் கொடி என்று எண்ணி மகிழ்வதுண்டு. எழுதியவர் அப்படி எண்ணவில்லை. சமயத்தின் கதைகளை அவர் கழற்றினார். சமயத்தின் பீடத்தைக் கழற்றவில்லை.

1924-இல் லெனின் மறைந்தார். மாலெவிச் அப்போது எழுதியது இன்னும் வெளிப்படை. கனசதுரமே அழியாமையின் வடிவம், லெனின் வழி நடக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் வீட்டில் ஒரு கனசதுரம் வைத்துக்கொள்ளவேண்டும், வழிபாட்டுக்கு அது கண்கூடான அடிப்படை ஆகும் என்று எழுதினார்! நையாண்டியா, நம்பிக்கையா என்று அறிஞர்கள் வழக்காடலாம். நாடு முழுவதும் நடந்ததோ நையாண்டியன்று. ஆலைகளிலும் படைவீடுகளிலும் பள்ளிகளிலும் 'கிராஸ்னி' மூலைகள் அமைந்தன. மரியாள் இருந்த இடத்தில் லெனின் படம், விளக்கு இருந்த இடத்தில் ஏடும் கொடியும். பெயரைக்கூட மாற்றவில்லை, சிறப்பு மூலை சிவப்பு மூலையாயிற்று, அவ்வளவே. சாமியை எடுத்துவிட்டு மூலையை விட்டுவைத்தால் அது நெடுநாள் காலியாக இருப்பதில்லை. பின்னே அங்கே ஸ்டாலின் படமும் ஏறிற்று.

அந்த மூலையின் புது உடைமைக்காரர்கள் கருஞ்சதுரத்தை விட்டுவைப்பார்களா? லெனின்கிராடில் மாலெவிச் தலைமையேற்ற கலைப்பண்பாட்டு ஆய்வகத்தை, அரசுப்பணத்தில் நடக்கும் மடாலயம் என்று 1926-இல் ஓர் ஏடு தாக்கியது. மடாலயம்! சட்டைக்கைச் சதுரத்தை நினைத்தால் அந்த வசை முழுப்பொய் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் வசை பொழிந்தவர்கள் வேறு மடத்தின் தம்பிரான்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆய்வகம் அதே ஆண்டில் மூடப்பட்டது. 1927-இல் வார்சாவுக்கும் பெர்லினுக்கும் போய்த் தம் ஓவியங்களைக் காட்டினார். திரும்ப அழைப்பு வந்தபோது படங்களை அங்கேயே விட்டு வந்தார். 1930-இல் சிறை. வெளிநாட்டுத் தொடர்பு குறித்துக் கேள்விமேல் கேள்வி. சில திங்கள் கழித்து விடுதலை. 1932-இல் கலைக்குழுக்கள் யாவும் கலைக்கப்பட்டன. மனிதனை மனிதனாகவே எழுது, மகிழ்ச்சியோடு எழுது என்பது கட்டளை.

எழுதினார். மனைவியை, நண்பரை, தொழிலாளியை, தம்மையே எழுதினார். 1933-இல் தீட்டிய தன்னோவியம் உருசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்துப் பெருமகனைப்போல் தொப்பியும் அங்கியும் தரித்து நிமிர்ந்து நிற்கிறார். நெஞ்சுக்கு முன்னே நீட்டிய கை, விரல்கள் ஒருபுறம், கட்டைவிரல் விலகி ஒருபுறம். எதையோ பிடித்திருக்கவேண்டிய கையில் ஒன்றும் இல்லை. படத்தின் கீழ்மூலைக்கு வாருங்கள். பெயர் எழுதவேண்டிய இடத்தில், விரல்நகம்போல், ஒரு சிறு கருஞ்சதுரம்!

அந்த இடத்திலேதான் என் நெஞ்சு இந்த மனிதனுக்காக இளகுகிறது. மேல்மூலையிலே ஏறி நின்றபோது அகந்தையாகத் தெரிந்த குறி, கீழ்மூலைக்கு இறங்கியபோது நெஞ்சுரமாகத் தெரிகிறது. அதிகாரி கேட்டபடியே ஓவியம் எழுதிக்கொடுத்துவிட்டு, நான் நம்புவது இதுவல்ல என்று அதே துணியில் ஒப்பமிட்டவர் வேறு எவர்? ஒரே வடிவம், ஒரே நிறம். ஆதிக்கத்தின் கையில் ஒரு பொருள், ஆதிக்கத்துக்கு அடியில் வேறு பொருள்.

1935 மே 15-இல் புற்றுநோயால் மறைந்தார். கிடத்திய உடலின் தலைமாட்டுச் சுவரிலே கருஞ்சதுரம் தொங்கியது. மாணவர் சுயெதின் அமைத்த பேழையின் மூடியிலே சதுரமும் வட்டமும் எழுதப்பட்டன. பேழையை ஏற்றிச்சென்ற பாரவண்டியின் முகப்பில் கருஞ்சதுரம். மாஸ்கோவில் எரியூட்டி, நெம்சினோவ்கா என்னும் சிற்றூரில், கருவாலி மரத்தடியில் சாம்பலைப் புதைத்து, சிலுவை நிற்கும் இடத்தில் கருஞ்சதுரம் பொறித்த கனசதுரத்தை நிறுத்தினார்கள். அடுத்த போரில் அடையாளம் அழிந்தது. பின்னாளில் அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மூலப்படம் பல பத்தாண்டுகள் கிடங்கிலே கிடந்தது. 1930-களில் அவர் எழுதிய சிறிய கருஞ்சதுரம் ஒன்றை 2002-இல் ஒரு பெருஞ்செல்வர் பத்து இலட்சம் டாலருக்கு வாங்கி ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இனி ஒரு செய்தி, கசப்பானது. 2015-இல் மாஸ்கோ திரெத்தியாகோவ் கலைக்கூடத்தார் மூலப்படத்தைக் கதிர்கொண்டு ஆராய்ந்தபோது, கறுப்பின் அடியில் முன்பு தீட்டி மூடிய இரண்டு வண்ண ஓவியங்கள் தென்பட்டன. வெள்ளை விளிம்பிலே மங்கிய எழுத்தும் தெரிந்தது; இருட்குகையிலே நீக்ரோக்களின் சண்டை என்ற பொருளில் அதைப் படித்தார்கள். பிரான்சில் 1882-இல் பிலோ என்பவர் முழுக்கறுப்புப் படமொன்றைக் காட்சிக்கு வைத்து இப்படிப் பெயரிட்டுச் சிரிப்பு மூட்டினார். 1897-இல் அலே என்பவர் அதே கேலியை அச்சேற்றினார். ஆப்பிரிக்காவை ஐரோப்பிய வல்லரசுகள் கூறுபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. கறுப்புத் தாளைக் கண்டதும் கறுப்பு மனிதனை இழிவுசெய்யத்தான் அந்த நாகரிகர்களுக்குத் தோன்றிற்று. மாஸ்கோப் படத்தில் உள்ள எழுத்து மாலெவிச் எழுதியதா, வேறு கை கிறுக்கியதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவில்லை. யார் கையானாலும், சிக்கனத்தின் குறி என்று ஒருவர் பார்த்த நிறத்தில், இன்னொருவர் தம் தோல்திமிரைப் பார்த்திருக்கிறார்.

திரெத்தியாகோவ் கூடத்தில் இன்று அந்தப் படத்தின் முன் நிற்பவர்கள் காண்பது இருண்ட சதுரத்தை மட்டுமன்று. அடிவண்ணம் உலரும்வரை காத்திராமல் மேலே கறுப்பைப் பூசிவிட்டார் மாலெவிச், மேற்பூச்சு வெடித்துவிட்டது. முகமெங்கும் நூலிழைபோல் வெடிப்புகள் ஓடுகின்றன. அவற்றின் வழியே, அவர் மூடிய பழைய ஓவியத்தின் வண்ணங்கள் எட்டிப் பார்க்கின்றன.